பவானி அக்கா வீட்டு மணி

பவானி அக்கா போய்விட்டார். இன்று காலை பல்கலைக்கழகத் துறையிலிருந்து போன் வந்தது.

கிழக்கு ஜெர்மனியில், ஹாலே நகரத்தில் அவர் தனியாக இருந்த அதே ஏழாம் மாடி வீட்டில்... தூக்கத்திலேயே என்கிறார்கள். கீழ் வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர்ச் சத்தமே இல்லை என்று எட்டாம் மாடிப் பெரியவர் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார்.

தெரியாதவர்களுக்காக: அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நகரத் திட்டமிடல் பேராசிரியர். ஜெர்மனியைப் பிரித்த சுவர் விழுந்த பிறகு ஆட்கள் மேற்கே போய்க் காலியான இந்தக் கிழக்கு ஊர்களில் எந்தக் கட்டிடம் நிற்கட்டும், எதை இடிக்கலாம் என்று நகரசபைக்கு எழுதிக் கொடுப்பார்.

அவர் எழுதியதை வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. இடிக்க வேண்டியதற்குச் சாம்பல் நிறம், நிற்பதற்கு வெள்ளை.

போன மாதம், சுவர் விழுந்து இருபது வருடம் என்று ஊரெல்லாம் விளக்கு. என் ஸ்கிரீனில் சாம்பல் கூடிக்கொண்டே இருந்தது.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கட்டிடத்தில் மிச்சம் இருக்கும் எல்லோர் வீட்டு மணியையும் தானே அடித்து, முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார். ஒரே ஒரு கதவு திறக்காவிட்டாலும் அந்தக் கட்டிடம் அப்படியே நிற்கும். துறைத்தலைவருக்கு அது தீராத தலைவலி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசல் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் யார் என்று ஜெர்மனில் கேட்டது.

"உங்கள் வீட்டை இடிக்கச் சொல்லி எழுதப் போகிறவள். மேலே வரலாமா?"

கதவு திறந்தது. காபி கொடுத்தார்கள். அழவும் செய்தார்கள்... அக்கா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது, "டிபார்ட்மென்ட்ல உங்களை யமன்னு சொல்றாங்க அக்கா" என்றேன்.

"ஓம், தெரியும். அவருக்கு எருமை, எனக்கு டிராம்."

கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்கட வீட்டை இடிக்கேக்க ஒருத்தரும் மணி அடிக்கேல்லை" என்றார். ஊரில் ராணுவ முள்வேலிக்கு உள்ளே போய்விட்ட வீடு. பிறகு யாரோ அனுப்பிய போட்டோவில் கிணறு மட்டும் இருந்ததாம்.

அதைப் பற்றி இன்னொரு முறை அவர் பேசிக் கேட்டதில்லை.

அவர் குடியிருந்த கட்டிடமும் காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை சாப்பிடப் போகும்போதும் கீழே பெயர்ப்பலகையில் இன்னும் சில பெயர்கள் இருக்காது. முதலில் லிஃப்ட் நின்றது. பிறகு மாடிப்படி விளக்கு. செல்போன் வெளிச்சத்தில் ஏறுவேன். யாரும் இல்லாத வீடுகளின் கதவுகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள்.

கடைசியில் அக்காவும் மேல் வீட்டுப் பெரியவரும்தான்.

போன வாரம் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுவருக்குள் குழாய் நீளமாக முனகியது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"பயப்படாதேயும், மேல் வீட்டுக்காரர். எத்தினை தரம் மணி அடிச்சும் கதவு திறக்கிறார் இல்லை. தண்ணி திறக்கிறார். ஆள் இருக்கு எண்டு தெரியுது, அதுவே காணும்."

"அப்போ இந்த பில்டிங் என்னாகும்?"

"ரெண்டு மணி பாக்கி. அவர் வீடு, என்ர வீடு."

"உங்க வீட்டு மணியை யாரு அடிக்கிறது?"

"நீர்தான். நானே வெளியில நிண்டு அடிச்சிட்டு நானே ஓடிவந்து திறக்கேலாதே." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "கனநாள் தள்ளி வைக்காதேயும்" என்றார்.

கிறிஸ்துமஸ் முடியட்டும் அக்கா, என்றேன்.

இன்று காலை போனை வைக்கும் முன் துறைத்தலைவர் சொன்னது: "மிச்சம் இருக்கும் அவர் குடியிருந்த கட்டிடத்தையும் திங்கட்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இனிமேல் மணி அடிப்பதெல்லாம் வேண்டாம்."

மதியம் கிளம்பிப் போனேன். குளிர்காலம், போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. பலகையில் இரண்டே பெயர்கள். அக்காவுடையது ஜெர்மனிலும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் தமிழிலும்.

அந்தப் பெயருக்குப் பக்கத்து மணியை அடித்தேன். நின்றேன்... கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டேன் போல.

எட்டாம் மாடியில் ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். திரைக்குப் பின்னால் ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் வீட்டு மணி வரைக்கும் என் விரல் போனது. எடுத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் அந்தக் கட்டிடம் இப்போதைக்கு வெள்ளை.

உங்கள் மணியை அடித்துவிட்டேன் அக்கா. போய் வாருங்கள்.