நாற்பத்தொரு பேரின் பட்டியல்

அமெரிக்கத் தேர்தலில் யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்பதை எவரும் தேடிப் பார்க்கலாம். அந்த நாட்டு அரசாங்கமே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் ஆள், ஊர், செய்யும் தொழில், கொடுத்த திகதி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என் பெரியம்மாவின் மகளான அக்காவின் பெயர் அங்கே இரண்டு தடவை வரும். முதல் வரியில் ஒரு தொகை. கீழ் வரியில் அதே தொகை, முன்னால் கழித்தல் குறியோடு. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஜேர்மனியில், எசனிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தவுடன் என் கை தானாக அந்தப் பெயரைத் தட்டும். இன்றைக்காவது அழிந்திருக்குமோ என்று பார்ப்பேன். அப்படி அழிகிற சாமான் இல்லை அது. மூன்று தரிப்பிடம் தாண்டியதும் இன்னொரு முறை பார்ப்பேன்.

அந்த இரண்டு வரிகளும் என்னால் வந்தவை.

அக்கா அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறா. நிரந்தரமாக அங்கே இருக்கலாம் என்ற அட்டை இருக்கிறது, குடியுரிமை இல்லை. அட்டையை வைத்துக்கொண்டு தாயைக் கூப்பிட ஏலாது, குடியுரிமை எடுத்தால்தான் கூப்பிடலாம். பெரியம்மா யாழ்ப்பாணத்தில் தனிய இருக்கிறா. அவவுக்கு அக்காவைத் தவிர ஒரு மகனும் இருந்தார், அக்காவின் தம்பி. போர் முடிந்த அந்தக் கிழமையில் அவரை இராணுவம் ஒரு பேருந்தில் ஏற்றியதைப் பெரியம்மா தன் கண்ணால் கண்டவ. பேருந்து போனது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முதல், அக்கா இருக்கிற தொகுதியில் அமெரிக்கக் கீழவைக்கு ஒருவர் போட்டியிட்டார். ஒரு வீட்டுப் பின்வளவில் நடந்த கூட்டத்தில் அக்கா அவரிடம் தம்பியின் கதையைச் சொல்லியிருக்கிறா. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நான் வென்று வந்தால் உங்கள் நாட்டு அரசாங்கத்திடம் இதைப் பற்றிக் கேட்பேன் என்றாராம். அக்கா அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக எழுதினா. பெரியம்மா கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலாகப் போட்டா. எனக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது. நான் அரசியல் படிக்கிறவள். பேராசிரியர் கேள்வியை முடிக்க முதல் கையைத் தூக்கிவிடுகிற ஆள். ஒரு மனிதன் வாக்குக் கொடுத்திருக்கிறான், அவனுக்கு வெல்லக் காசு வேண்டும், எங்களிடம் சனம் இருக்கிறது. கணக்கு அவ்வளவு லேசாகத் தெரிந்தது.

அந்த மாதம் எசனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. பெரிய மண்டபம், வாசலில் அன்பளிப்பு மேசை, ஆட்கள் கவரில் தங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நானும் ஒரு சப்பாத்துப் பெட்டியை வெள்ளைத் தாள் சுற்றி வைத்தேன்.

"என்ன பிள்ளை, ரெண்டு உண்டியல்?" என்றார் முதலில் வந்த அண்ணை. பார்சல் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்.

சொன்னேன்.

"அமெரிக்காவுக்கே நாங்கள் காசு குடுக்கிறமோ? கடவுளே. சரி, அவர் வெண்டா என்ர மகனுக்கு ஒரு விசா எண்டு அடியில எழுதிவிடு."

அவருடைய மனைவி அவரை முழங்கையால் இடித்தா. "உங்களுக்கு எல்லாம் பகிடி. அது அந்தப் பெடியனுக்காகக் கேக்கிறது." பிறகு என்னிடம், "எங்கட பேரை வடிவா எழுது பிள்ளை. போன முறை கோயில் பட்டியல்ல இவற்ற பேரை விட்டுட்டினம். ரெண்டு மாசம் சாப்பாட்டு மேசையில அந்தக் கதைதான்."

எங்கள் ஆட்களிடம் பெயர் இல்லாமல் கொடுப்பது கொடுத்ததாகக் கணக்கில்லை. அதே நேரம் யாருடைய கையால் கொடுத்தால் என்ன என்றும் நினைப்பார்கள். கோயிலில் நான் நின்று லண்டனில் இருக்கிற மாமாவின் பெயருக்கு அர்ச்சனை செய்வேன். ஐயர் மாமாவின் நட்சத்திரத்தைத்தான் கேட்பார், என்னுடையதைக் கேட்கமாட்டார். இருபது யூரோ, பத்து யூரோ, ஒரு கவரில் சில்லறையும் இருந்தது. முழுவதையும் கூட்டினால் ஒரு பழைய கார் வாங்கவும் காணாது. அதை அக்காவின் வங்கிக்கு அனுப்பினேன். அக்கா தன் வங்கி அட்டையால் வேட்பாளருக்குக் கட்டினா.

அதோடு நின்றிருக்கலாம். நான் ஜேர்மனியில் வளர்ந்தவள். ஒரு காரியம் செய்தால் அதற்கு ஒரு கோப்பு வேண்டும். நாற்பத்தொரு குடும்பத்தின் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் அழகாக அட்டவணை போட்டு, மண்டபத்தில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து, வேட்பாளரின் அலுவலகத்துக்கே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இந்தக் காசு என் அக்காவின் பெயரில் வந்திருந்தாலும் உங்களுக்குப் பின்னால் ஜேர்மனியில் நாற்பத்தொரு வீடுகள் நிற்கின்றன, அந்தத் தம்பியை மறந்துவிடாதீர்கள். மூன்று முறை வாசித்து, எழுத்துப்பிழை பார்த்து அனுப்பினேன். அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

எனக்குப் பதில் வரவில்லை. அக்காவுக்கு வேட்பாளருடைய வக்கீலின் கடிதம் போனது. பிற நாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்குக் காசு கொடுப்பது குற்றம். ஒருவருடைய காசை இன்னொருவர் பெயரில் கொடுப்பது இன்னொரு குற்றம். தொகை திருப்பி அனுப்பப்படுகிறது, தயவுசெய்து இனி இந்த அலுவலகத்தோடு தொடர்பு வைக்க வேண்டாம். வேட்பாளர் வென்றார். பதவியேற்ற பிறகு அக்கா ஒரு முறை தம்பியின் விடயமாக அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறா. பெயரைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து, மன்னிக்கவும், உங்கள் விடயத்தை எங்களால் எடுக்க முடியாது என்றார்களாம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னா. "நீ படிச்சது காணும்."

படிப்பை விடவில்லை, இன்னும் கூடப் படித்தேன். நூலகத்தில் இருந்து அமெரிக்காவில் பிற நாட்டு அரசாங்கங்களுக்காக வேலை செய்கிறவர்களின் பதிவேட்டைத் திறந்தேன். அதுவும் பகிரங்கம். நாங்கள் விட்டுவிட்டு வந்த நாட்டின் அரசாங்கமும் அமெரிக்கத் தலைநகரில் ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. மாதக் கட்டணம் எழுதியிருந்தது. எங்கள் சப்பாத்துப் பெட்டியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. யாருடைய அலுவலகத்தோடு எப்போது பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், அந்த நிறுவனத்து ஆட்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து எந்தெந்த வேட்பாளருக்கு நன்கொடை கொடுத்தார்கள் என்ற விபரம். அவர்கள் அமெரிக்கர்கள். கொடுக்கலாம். இரண்டு பேர் எங்கள் ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவருடைய அலுவலகத்தோடு ஒரு சந்திப்பும் நடந்திருந்தது. பேசிய விடயம் என்ற கட்டத்தில் 'இரு நாட்டு உறவு' என்று இருந்தது.

கையெழுத்து சரி, முத்திரை சரி, எங்கேயும் ஒரு பிழை இல்லை. நான் அந்த மூன்று சொல்லையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்குள்ளே எங்கேயோ ஒரு பேருந்து இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது. மற்ற மேசைக்காரர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் மேசையைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பணமும் அமெரிக்கத் தேர்தலும் என்று நான் ஏற்கனவே ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள். அதில் வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு பந்தி இருந்தது. அதை எழுதும்போது என் மனதில் இருந்தவர்கள் எண்ணெய் விற்கிற இளவரசர்கள், தூதரகங்கள், கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். பத்து யூரோ கவரில் பெயரை எழுதிவிட்டு வடைக்கு வரிசையில் நின்ற சனம் அந்தப் பந்திக்குள் வரவே இல்லை. அது எனக்கு வெளிநாட்டுக் காசாகத் தெரியவில்லை. வீட்டுக் காசாகத் தெரிந்தது.

அக்கா அப்போது குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பி முடித்திருந்தா. அதில் ஒரு கேள்வி: கைது செய்யப்படாவிட்டாலும், எப்போதாவது ஒரு குற்றம் செய்திருக்கிறீர்களா? நேர்முகத்தில் சத்தியம் செய்துவிட்டும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் பொய், அந்தப் பொய்யே போதும் எல்லாவற்றையும் கெடுக்க. ஓம் என்று சொன்னால் என்ன நடக்குமென்று தெரியாது. அக்கா விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, படிவம் மாறிவிட்டது, கொஞ்சம் பிந்தும் என்று பெரியம்மாவிடம் சொன்னா. ஒரு வருடம் அப்படியே போனது.

ஒரு மத்தியானம் எசன் பெரிய ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பெரியம்மா எடுத்தா.

"பிள்ளை, சாப்பிட்டியோ?"

"ஓம் பெரியம்மா. நீங்கள்?"

"நான் என்ன, ஒரு மனுசிக்கு எவ்வளவு சமைக்கிறது. பிள்ளை, நீ படிச்சனி. எனக்கு ஒரு உண்மை சொல்லு. அவளுக்கு என்னைக் கூப்பிட விருப்பமில்லையோ?"

"ஐயோ, அப்பிடி இல்லை."

"இல்லையெண்டா ஏன் இழுக்கிறாள்? பக்கத்து வீட்டு மனுசி போய் வந்தும் விட்டா." குரலைத் தாழ்த்தினா. "நான் அங்க வந்தும் அவனை நினைச்சு அழுதுகொண்டு இருப்பன் எண்டு பயப்பிடுறாள் போல. அழமாட்டன் எண்டு சொல்லு. நான் இப்ப அழுறேல்லை."

ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

அன்று பின்னேரமே அக்காவின் குடியேற்ற வக்கீலுக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி சத்தியக் கடிதமாக எழுதித் தந்தால் உதவலாம், உறுதி இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தால் உங்களுக்கே பிறகு அமெரிக்க விசா கிடைக்காமல் போகலாம், யோசியுங்கள் என்றும் எழுதியிருந்தா அந்த வக்கீல் அம்மா. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் இருந்தது.

இங்கே எழுதும்போதும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். காசை அனுப்ப முதல் நாள் அக்கா எனக்கு எடுத்தா. எனக்கு மத்தியானம், அவவுக்கு விடிய. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டே, "உது சரியோடி? மற்ற ஆக்களின்ர காசை என்ர பேரில கட்டலாமோ? ஒருக்கா வடிவாப் பாரன்," என்றா.

"பாத்திட்டன் அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை," என்றேன்.

நான் பார்க்கவில்லை. அவரைப் பற்றி, எதிராளியைப் பற்றி, தொகுதியைப் பற்றி எல்லாம் பார்த்திருந்தேன். இதைப் பார்க்கவில்லை. பார்த்தால் நேரம் போகும் என்று இருந்தது. பார்க்காமலே தெரியும் என்றும் இருந்தது. அந்த ஒரு சொல்லை வீட்டில் எவருக்கும் சொன்னதில்லை. அக்காவும் அதைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை. மறந்துவிட்டா என்று நினைத்து, அந்த மறதிக்குப் பின்னால் ஒரு வருடம் ஒளிந்திருந்தேன்.

கடிதத்தில் எழுதினேன். அக்கா கேட்டா, நான் பார்த்துவிட்டதாகச் சொன்னேன், அது பொய். பிராங்பேர்ட்டில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் டேர்மின் எடுத்து, குறித்துத் தந்த நேரத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் வலக்கையைத் தூக்கச் சொல்லி, எழுதியிருப்பது எல்லாம் உண்மையா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அதை வாசிக்கக்கூட இல்லை, முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டார்.

நாலு நாள் கழித்து அக்கா எடுத்தா.

"வக்கீல் காட்டினவ," என்றா. "நான் கேட்டனான், என்ன?"

"ஓம் அக்கா. கேட்டனீங்கள்."

"நீ பாத்திட்டன் எண்டனி."

"ஓம்."

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருக்கும் சத்தம் கேட்டது.

"நான் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றா. "ஒரு வருசமா. கேட்ட மாதிரியும் இருக்கும், கேக்காத மாதிரியும் இருக்கும். தம்பியின்ர விசயம் எண்டவுடன கண்ணை மூடிக்கொண்டு கட்டிட்டு, பிறகு கேட்டன் எண்டு நானே கதை கட்டுறனோ எண்டு. அந்த லாச்சியைத் திறந்தா அந்த நினைப்புத்தான். உன்னட்டக் கேக்கவும் பயம். நீ இல்லை எண்டு சொன்னா?"

"கோபமோ அக்கா?"

"கோபம்தான். கோபம் போகாது, அதைப் பற்றி இப்ப கதைக்கேல்லை." தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. "அந்தக் கேள்விக்கு ஓம் எண்டு போட்டிட்டன். உன்ர கடிதத்தையும் சேத்து நேற்று அனுப்பியாச்சு. அம்மாவுக்கும் சொல்லிட்டன். ஏன் பிந்தினது எண்டு முழுக்க."

"பெரியம்மா என்ன சொன்னவ?"

"இனி எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு கேட்டவ."

"நீங்கள்?"

"தெரியாது எண்டு சொன்னன். வக்கீலுக்கும் தெரியாதாம்," என்றா அக்கா. பிறகு, வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டா.