தட்டான் பார்க்கப் போன ஞாயிறு

சிக்குன்குனியா வந்து தெருத்தெருவாக ஆட்கள் கைகால் வீங்கிப் படுத்துக் கிடந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். 2007 என்று நினைக்கிறேன். என் மகள் நாலாம் வகுப்பு. அவளுடைய அறிவியல் டீச்சர் உத்தமபாளையத்துக்காரர். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் அப்பா அம்மாவோடு விடிகாலையில் கண்மாய்க்கு வரவேண்டும், தட்டான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நம் தோட்டத்தில் பறக்காத தட்டானா என்றார் என் கணவர். எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அது மருந்தடிக்கிற நேரம். ஆனாலும் மகளின் முகம் சுருங்கியதும் பைக்கை எடுத்துவிட்டார்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. டீச்சர் தலையில் முக்காடு நழுவாமல், முழங்கால் தண்ணீரில் நின்று, டீ வடிகட்டியால் பாசியை அரித்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினார். மண்நிறத்தில் ஆறு காலோடு ஏதோ ஊர்ந்தது. தட்டானின் குஞ்சு இதுதான், இறக்கை முளைக்கிறவரை தண்ணீருக்குள்ளேயே கொசுப்புழுவைத் தின்று வளரும் என்றார். போன வருஷம் மூட்டுவலியில் அழுத அம்மாக்கள் எல்லோரும் தட்டை எட்டிப் பார்த்தோம்.

கோரைத் தண்டில் ஏறியிருந்த இன்னொன்றை முதலில் கண்டது என் கணவர்தான். அதன் முதுகு வெடித்து, உள்ளிருந்து வெளுத்த தட்டான் ஒன்று மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கசங்கிய இறக்கை விரிந்து கண்ணாடியாகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிற மனிதர் அவர்.

பிறகு டீச்சர் பிள்ளைகளிடம், இந்தத் தண்ணீர் எதனால் கெடும் என்று கேட்டார். பாலிதீன் பை, சோப்பு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் மகளும் கை தூக்கினாள்.

"எங்கப்பா மருந்தடிச்சிட்டு டேங்க்கை இங்கனதான் கழுவுவாக டீச்சர்."

சரியான விடை சொல்லிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. என் கணவர் வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டத் தொடங்கினார். அங்கே நின்ற மற்றத் தோட்டக்காரர்களும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவர்கள் கழுவியதும் அதே கண்மாயில்தான்.

டீச்சர் குரல் மாறவே இல்லை. "எங்க வீட்டுச் சாக்கடையும் ஆத்துலதான் போய் விழுகுது. யாரைக் குத்தம் சொல்ல? டேங்க்கை வேற எங்கன கழுவலாம்னு எனக்குத் தெரியாது. விவசாயம் பாக்குறவுகதான் சொல்லணும். நீங்க சொல்லுங்கண்ணே."

என் கணவர் சேற்றைத் தட்டுவதை விட்டு நிமிர்ந்தார். "தோட்டத்துலயே அலசி, அந்தத் தண்ணியக் கொடிக்கே அடிச்சிரலாம். கெணத்தை விட்டுத் தள்ளி அலசணும், அம்புட்டுத்தான்."

அது எப்படி என்று இன்னொருவர் கேட்க, ஆண்கள் கரையோரமாய் ஒதுங்கி அதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் கொண்டுபோயிருந்த இட்லியைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

வீடு திரும்பும்போது, கோபமா அப்பா என்று மகள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டே கேட்டாள். "நெசத்தைத்தானத்தா சொன்ன" என்றார். அந்த வாரமே அலசுவதற்கென்று தோட்டத்தில் ஒரு டிரம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் அப்படியே செய்தார்கள். சிலர் கடைசிவரை மாறவில்லை.

அறுவடை முடிந்ததும் ஒரு கூடைத் திராட்சையோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவர் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தாலும் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார், மகளும் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கப் பயந்திருப்பாள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த ஐப்பசிக்கு அண்ணனைக் கொஞ்சம் சீக்கிரமாகவே கூட்டி வாருங்கள், கோரைக்குள் இறங்கத் தனக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்.