வேனை விட்டுவிட்டு நின்ற அம்மா

2004 வாக்கில் நடந்தது இது. நான் அப்போது பத்தாம் வகுப்பு படிக்கிற பெண். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் ஒரு கிராமம் எங்களுடையது. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தூரத்தில் பட்டாசுக் கம்பெனிகள்தான் தெரியும். என் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

எங்கள் கணக்கு சாரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாடம் நடத்துவார். லீவு போட மாட்டார். சனிக்கிழமையும் வரச் சொல்லி, காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பார். ஆனால் எங்களைக் கண்டால் அவருக்கு ஒரு இளக்காரம். லீவு நாளில் கம்பெனிக்குப் போய் வந்த பிள்ளைகளின் நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து ஒட்டியிருக்கும். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். "எப்படியும் வேன் ஏறத்தான் போறீங்க. உங்களுக்கு எதுக்குலே அல்ஜீப்ரா?" என்பார். வகுப்பே சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். வேறு என்ன செய்வது?

தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. மதியச் சாப்பாடு முடிந்து கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று சத்தம். சன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. அதோடு நிற்காமல் படபடவென்று பொரிவது போலத் தொடர்ந்து கேட்டது. மேற்கே புகை எழும்பியது. அம்மாவின் கம்பெனி அந்தப் பக்கம்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எங்காவது வெடித்துவிட்டால் சுற்றியிருக்கிற கம்பெனிகளையும் அடைத்துவிடுவார்கள். வேலை செய்தவர்கள் எல்லாரும் மெயின் ரோட்டுக்கு வந்து நிற்பார்கள். வீட்டு ஆட்கள் அங்கே ஓடுவார்கள். ரோட்டில் ஆளைப் பார்த்துவிட்டால் போன உயிர் திரும்பும். பார்க்காவிட்டால் புகை வருகிற இடத்துக்குத்தான் தேடிப் போக வேண்டும். செல்போன் எல்லாம் அப்போது எங்கள் வீடுகளில் கிடையாது.

நான் எழுந்து நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பையனும் எழுந்தான். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே வேன்.

"சார், எங்கம்மா அங்கனதான் சார் வேலை பாக்கு. போயிட்டு வந்துருதேன் சார்" என்றான் அவன்.

"கம்பெனியில டெஸ்ட் வெடி வெடிச்சுப் பாக்கான். உட்காருலே" என்றார் சார், போர்டைப் பார்த்தபடியே.

"டெஸ்ட் வெடி இல்ல சார், புகை வருது சார்" என்றேன் நான்.

"கணக்கு வகுப்புன்னா மட்டும் உங்களுக்கெல்லாம் அம்மா பாசம் பொங்கிரும். போறவன் தாராளமாப் போ. அப்படியே டி.சி.யையும் வாங்கிட்டுப் போ."

யாரோ ஒருவன் சிரித்தான். அந்தப் பையன் பையைக்கூட எடுக்கவில்லை. சன்னல் வழியாக ஏறிக் குதித்து ஓடிவிட்டான். நான் உட்கார்ந்தேன். ஏனென்றால் அம்மா தினமும் வேன் ஏறும்போது எனக்குச் சொல்வது ஒன்றுதான்: வாத்தியார் பேச்சை மீறாதே, படித்துவிடு, என்னை மாதிரி மருந்துக்குள்ளே கிடக்காதே. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல், அம்மா சொன்னதற்காக உட்கார்ந்திருந்தேன். போர்டில் இருந்ததை எழுதினேன். சார் அடுத்த கணக்குக்குப் போனார்.

கடைசி மணி அடித்ததும் ஓடினேன். ரோட்டில் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. வேன்கள் போய்விட்டன. அம்மா மட்டும் ஒரு வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். வெடித்தது பக்கத்துக் கம்பெனி. இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

என்னைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். "எங்கன போய்த் தொலைஞ்ச? மத்தப் பிள்ளைக எல்லாம் ஓடி வந்துட்டு. உன் கூடப் படிக்கிற பயகிட்ட கேட்டா, நீயும் பின்னாலயே வந்துருவன்னான். நீ என்னையக் காணாம புகைக்குள்ள போயிட்டியோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. வேனையும் விட்டுட்டு நிக்கேன்."

"சார் விடல" என்றேன்.

அம்மா தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

மறுநாள் அம்மா வேன் ஏறவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். குதித்து ஓடிய பையனை சார் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார். அம்மா அவனைத் தாண்டிப் போய் வாசலில் நின்றாள். அதுவரை வாத்தியார்கள் முன்னால் அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"சார், எம்புள்ளைக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கீக, அதுக்குக் கும்பிடுதேன். நேத்து எதுக்கு சார் அவளை விடல?"

"டெஸ்ட் வெடின்னு நினைச்சேன்மா."

"இந்தப் பய சன்னல் ஏறிக் குதிச்சானே, டெஸ்ட் வெடிக்கா குதிச்சான்?"

சார் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு, "பரீட்சை வருதும்மா. பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"நான் செத்துக் கிடந்தா, கணக்கை முடிச்சிட்டுத்தான் வந்து பாக்கணுமாக்கும்? நல்லா இருக்கு சார் உங்க நல்லது. இவனை உள்ள விடுங்க."

சார் அவனை உள்ளே விட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் பக்கமே அவர் பார்க்கவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே வருவார், அவன் பெஞ்சு வந்ததும் தாண்டிப் போய்விடுவார். நோட்டைத் திருத்த மாட்டார். கையை நீட்டச் சொல்லிக் கேலி செய்வதையும் அவனிடம் மட்டும் விட்டுவிட்டார். அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவில்லை. வேன் ஏறிவிட்டான் என்று அம்மா சொன்னாள். அவனை நிறுத்தியது வறுமை என்று ஊரில் சொன்னார்கள். எங்கள் எல்லார் வீட்டிலும் அதே வறுமைதான். நாங்கள் வந்துகொண்டுதான் இருந்தோம்.

மாசி மாதம் இன்னொரு தடவை சத்தம் கேட்டது. இந்தத் தடவை சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். அவரே போய்க் கதவைத் திறந்துவிட்டு, "யார் யார் வீட்டு ஆளுக அந்தப் பக்கம்? போங்க" என்றார். நான் வாசலைத் தாண்டும்போது என்னை நிறுத்திக் கேட்டார்.

"அந்தப் பையன் எந்தக் கம்பெனிக்குப் போறான்?"

"அந்தப் பக்கம்தான் சார்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் நிற்காமல் ஓடினேன். ரோட்டில் அம்மா நின்றாள். அம்மாவுக்குப் பக்கத்தில் கையெல்லாம் வெள்ளியாக அவனும் நின்றான். "சார் இன்னைக்கு விட்டுட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தான். திரும்பிப் பார்த்தேன். சார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே இறங்கி நின்றார். அவனுக்குப் பக்கத்தில் வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாளாவது அவனைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

நான் கணக்கில் நல்ல மார்க் எடுத்தேன். வேன் ஏறவில்லை. சார்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள், பொய்யில்லை. அவர் ரிட்டயரானபோது பாராட்டு விழா வைத்தார்கள், நான் போகவில்லை. அந்தப் பையன் இன்னமும் பட்டாசு வேலைதான் பார்க்கிறான்.

இப்போது என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ரிசல்ட், பீஸ் எதையும் நான் முதலில் கேட்கவில்லை; வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகளை என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டேன், ஏனென்றால் சார் சொல்லிக் கொடுத்த கணக்கில் பாதி எனக்கு மறந்துவிட்டது, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை.