தங்கச்சி சொன்னதும் நான் சொன்னதும்

ஒஸ்லோவிலிருந்து தெற்கே ஃபியோர்டின் கரையோடு காரில் போனால், பைன் மரங்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே கொங்கிறீற் காவலரண்கள் இன்னமும் கிடக்கின்றன. உலக யுத்தத்தில் ஜேர்மன்காரர் கடலைப் பார்த்தபடி கட்டியவை. கூரையில் பாசியும் புளூபெரிச் செடியும் பிடித்திருக்கும். துவக்கை நீட்டிச் சுடுகிற துவாரத்தில் ஆரோ வெறும் பியர் ரின்னை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கோடையில் குளிக்க வருகிறவர்கள் அதன்மேல் துவாயைக் காயப்போடுவார்கள்.

எனக்கு இவற்றில் ஒரு பைத்தியம். நான் பஸ் ஓட்டுகிறவன், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு. ஒருமுறை மனைவியோடு காளான் பிடுங்கப் போய், பாசி மூடிக்கிடந்த ஒரு பதுங்குகுழியின் படிகளில் சறுக்கி விழுந்தேன். மனைவி மேலே நின்று கத்த, நான் கீழே இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். வார்ப்புப் பலகையின் கணுக்கள்கூட கொங்கிறீற்றில் அப்படியே பதிந்திருந்தன. அன்றைக்குப் பிடித்தது. பிறகு ஓய்வு நாட்களில் ரோச்சும் சப்பாத்துமாகப் புறப்பட்டுவிடுவேன். இதே பைத்தியம் பிடித்த நோர்வேஜியர் சிலர் ஒரு குழுவாகத் திரிகிறார்கள் என்று அறிந்து அவர்களோடு சேர்ந்தேன். பெரும்பாலும் பென்சன்காரர். வெளிநாட்டான் நான் ஒருவன்தான்.

முதல் நாள் பாறையில் இருந்து கோப்பி குடிக்கும்போது குழுவின் மூத்தவர், கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு நெட்டை மனிதர், என்னிடம் கேட்டார்: "நீ சிறிலங்காவிலிருந்து வந்தவன். உனக்கு இதெல்லாம் புதிதில்லை, என்ன?"

நான் மெல்லத் தலையை ஆட்டிவிட்டுக் கடலைப் பார்த்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார். அதன்பிறகு அந்தக் குழுவில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

உண்மை இதுதான். ஊரில் சண்டை பெரிதாவதற்கு முதலே, இங்கே மக்கள் உயர்பள்ளி என்கிற விடுதிப் பள்ளி ஒன்றில் படிக்கவென்று நான் நோர்வேக்கு வந்துவிட்டேன். ஹெலிகொப்டர் ஒன்று தூரத்தில் சுட்டதை எங்கள் கிணற்றடியில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். நான் ஒரு பங்கருக்குள்ளும் இருந்ததில்லை. முதன்முதலாகப் பங்கர் ஒன்றை நான் கண்டதே நோர்வேயில்தான்.

இருந்தது என் தங்கச்சி. அம்மா அப்பாவோடு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், யுத்தத்தின் கடைசி மாதங்களில் கடற்கரை மணலில் கிடந்து, அகதிக் காம்புக்குப் போய், வெளியே வந்தவள். இப்போது கிளிநொச்சிப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். போன கோடையில்தான் அவளுக்கு விசா கிடைத்து முதல் தடவையாக எங்களிடம் வந்தாள்.

வந்த கிழமையே என் மனதில் ஒரு யோசனை ஓடத் தொடங்கிவிட்டது. மூத்தவருக்குப் போன் எடுத்து, "என் தங்கை வந்திருக்கிறாள். எங்கள் யுத்தத்தில் பங்கருக்குள் வாழ்ந்தவள். அவளை அந்தக் கரைக்குக் கூட்டிவருகிறேன், நீங்களும் வாருங்கள்" என்றேன். அவர் மிகவும் பணிவாக நன்றி சொன்னார். தங்கச்சியிடம் நான் சொன்னது, "கடல் பாக்கப் போவம்" என்று மட்டும்.

மனைவிக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மகள்தான் கார் ஓட்டினாள். யூனிவர்சிற்றியில் படிக்கிற பிள்ளை, தங்கச்சியை மாமி மாமி என்று, வந்த நாளிலிருந்து அவளோடேயே ஒட்டிக்கொண்டு திரிந்தாள். தங்கச்சி மனைவியின் சிவப்பு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் புளூபெரி பிடுங்கி வாயெல்லாம் நீலமாக நடந்து வந்தாள்.

காவலரணின் வாசலில் மூத்தவர் தெர்மோஸும் வாஃபலுமாகக் காத்திருந்தார். தங்கச்சியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"இவர் ஆர் அண்ணா?"

"என்ர கூட்டாளி. உன்னோட கதைக்க ஆசைப்பட்டு வந்தவர்."

"என்னோடயோ? என்னத்தை?"

நான் குனிந்து உள்ளே போனேன். உள்ளே குளிர்ந்தது. ரோச் வெளிச்சத்தில் தங்கச்சி கூரையைப் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஆர் கட்டினது என்று கேட்டாள். ஜேர்மன்காரர் கைதிகளைக்கொண்டும் இப்படியெல்லாம் கட்டுவித்தவர்கள் என்றேன். "பாவங்கள்" என்றாள்.

மூத்தவர் தயங்கித் தயங்கி, அவளும் இப்படியான இடத்தில் இருந்தவளோ என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். தங்கச்சி சிரித்துவிட்டாள்.

"இப்பிடியோ? இது வீடெல்லோ அண்ணா! எங்கட பங்கர் சும்மா ஒரு கிடங்கு. மேலை வெட்டி அடுக்கின பனங்குத்தி, அதுக்கு மேலை மண் மூட்டை. சாக்குக்கு எங்கை போறது? அம்மாவின்ர சாறியளைக் கிழிச்சுத்தான் பை தைச்சனாங்கள். கூறைச் சாறியை மட்டும் தரமாட்டனெண்டிட்டா. அதில நானும் அவவும் கோபம், கதையே இல்லை. ஒரே கிடங்குக்குள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தனாங்கள்."

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "அம்மாவின் சேலைகளைக் கிழித்து மண் மூட்டை தைத்தோம். கடைசியில் கல்யாணச் சேலையையும் கிழித்தோம்."

மூத்தவர் மூச்சை உள்ளே இழுத்தார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கூறைச் சேலை தப்பியது என்றால் கதை ஏதோ குறைந்துவிடும் போலிருந்தது.

"ஆரும் இறந்தார்களா?" மூத்தவர் மெல்லிய குரலில் கேட்டார்.

தங்கச்சி சொன்னாள்: "எங்கட பங்கருக்குள்ள ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை, பிள்ளையார் காப்பாத்தினார். பக்கத்துப் பங்கர்க்காரரோடதான் ஒரே கொழுவல். அவையின்ர நாய் எங்கட பங்கருக்குள்ள வந்து படுத்திடும். இடமில்லை, அதுவும் நனைஞ்ச நாய். ஆனா எங்களுக்கு முதல் அதுக்குத்தான் சத்தம் கேக்கும். அது ஓடினா நாங்களும் ஓடுவம். அதால பிறகு நாங்களும் ஒண்டும் சொல்லுறேல்லை."

நான் சொன்னேன்: "பக்கத்துப் பங்கரில் இருந்த குடும்பம் முழுவதும் போய்விட்டது. அவர்களுடைய நாய் மட்டும் தப்பி எங்கள் பங்கருக்கு வந்தது."

எங்கள் பங்கர். அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு இலேசாக வந்தது!

"டெ சா ஹுன் இக்கெ, பப்பா" என்றாள் மகள். மாமி அப்படிச் சொல்லவில்லை என்று, மூத்தவருக்கும் விளங்குகிற மொழியில், உரக்க. கொங்கிறீற் சுவர்கள் அதைத் திருப்பி இன்னொருமுறை சொல்லின.

 மூத்தவர் தன் சப்பாத்துகளைப் பார்த்தார். தங்கச்சி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, என்னவாம்?" என்று கேட்டாள். மகள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கூறைச் சேலையையும் சொன்னாள், நாயையும் சொன்னாள்.

தங்கச்சி கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் குடும்பம் உயிரோட இருக்கினமே அண்ணா. மூத்தவளின்ர கலியாணப் படம் உங்களுக்கும் அனுப்பினனானெல்லோ." பிறகு கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "நான் சொன்னது போதாதோ?"

என் காது மடல்கள் சுட்டன. அந்தச் சின்ன இடத்தில் முகத்தைத் திருப்புவதற்கும் இடமில்லை. மூத்தவர் மகளிடம் திரும்பி, இனி நீ மொழிபெயர்ப்பாயா என்று கேட்டார்.  நான் குனிந்து வெளியே வந்தேன்.

வெளியே நல்ல வெயில். பாறையில் இருந்தேன். மூத்தவர் உள்ளே வருமுன் வாஃபல் பெட்டியை அங்கே வைத்திருந்தார், நான் திறக்கவில்லை. கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். எனக்குப் பின்னால், துவாரத்தினூடாக, தங்கச்சியின் குரலும் மகளின் குரலும் மாறி மாறிக் கேட்டன. என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை. ஒருமுறை மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் சிரிப்பில்லை. அவர்கள் வெளியே வந்தபோது மூத்தவரின் கண்கள் சிவந்திருந்தன.

காரில் நான் மகளிடம் கேட்டேன், கடைசியில் மாமி என்ன சொன்னவ என்று. "மாமி பின்னாலதானே இருக்கிறா. அவவிட்டக் கேளுங்கோ" என்றாள். நான் ரேடியோவைப் போட்டேன். 

அடுத்த நாள் காலை குசினியில் தங்கச்சி பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "நேற்று நான் செய்தது பிழை" என்றேன். "அதை விடுங்கோ, அந்தத் தேங்காய்ப்பூவை எடுங்கோ" என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, நேற்றுக் காவலரணுக்குள் மூத்தவருக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்பாவைப் பற்றித்தான். அப்பா பங்கருக்குள்ள வரமாட்டாரெல்லோ. மூச்சு முட்டுமாம். வாசல்ல கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஷெல் வரேக்க நாங்கள் உள்ளுக்க இருந்து கத்துவம், அவர் காது கேளாத மாதிரி இருப்பார். ஒவ்வொருக்காலும் சத்தம் ஓய்ஞ்சதும் நான்தான் தலையை நீட்டிப் பாக்கிறது, கதிரையில ஆள் இருக்கோ எண்டு. இருப்பார். அதுதான் சொன்னனான்."

அப்பா பிறகு, எல்லாம் முடிந்து, வீட்டுக் கட்டிலில் நோய் வந்துதான் இறந்தார். இந்தக் கதிரை எனக்குத் தெரியாது.

"இதை எனக்கு ஏன் நீ ஒருநாளும் சொல்லேல்லை?"

அவள் மாக்கையோடு நிமிர்ந்தாள். "சொன்னனான் அண்ணா. காம்பால வந்த உடனை போனில எல்லாம் சொன்னனான். நீங்கள் அப்ப வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

எவ்வளவு யோசித்தும் அந்தப் போன் என் நினைவில் இல்லை. கொத்துக் குண்டு, வைத்தியசாலை, பிணங்கள் என்று ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் போன ஊர்வலங்களில் கேட்டதெல்லாம் நினைவில் இருந்தது. என் சொந்தத் தகப்பன் இருந்த கதிரை இல்லை.

தங்கச்சி திரும்பிப் போன பிறகு மூத்தவரைப் போய்ச் சந்தித்தேன். நான் யுத்தத்தைக் காணவில்லை, காணுமுன்னே வந்துவிட்டேன், அன்றைக்குத் தலையாட்டியது பொய் என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கோப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே அவர் சொன்னது இது:

"எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காவலரணுக்குள் போனதும் எல்லோரும் ரோச்சை அணைத்துவிட்டுச் சும்மா நிற்போம். அந்த இருட்டுக்காகவே சிலர் வருவார்கள். நீ வந்தபிறகு அதை விட்டுவிட்டோம். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எங்களுக்குள் பேசித்தான் விட்டோம்."

இத்தனை வருஷமும் அவர்கள் எனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான் அறியவேயில்லை. மற்றவர்களுக்கும் நீயே சொல் என்றார். அடுத்த கூட்டத்தில் சொன்னேன். குழுவில் ஒரு வயதான பெண் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். மற்றவர்கள் நன்றி என்றார்கள். எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் போகிறேன், ஆனால் குறைவு.

மகள் ஒரு மாதத்துக்கு மேலாக என்னோடு தேவையானதை மட்டும்தான் கதைத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவுகிற மெஷினுக்குள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "பப்பா, உங்களுக்கு உண்மையா என்ன ஞாபகம்? நீங்களாக் கண்டது மட்டும்."

கிணற்றடியைச் சொன்னேன். ஹெலிகொப்டரைச் சொன்னேன். அது கொஞ்சத்தில் முடிந்துவிட்டது. அவள் இன்னும் காத்துக்கொண்டு நின்றாள்.

"பிளேனில ஏறினது ஞாபகம்" என்றேன். "அம்மா அழுதவ, தங்கச்சி அழுதவள். நானும் அழுதனான். ஆனா பிளேன் எழும்பினவுடனை எனக்குச் சந்தோஷம் பிள்ளை. சரியான சந்தோஷம். தப்பியிட்டன் எண்டு. பக்கத்தில இருந்தவனோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வந்தனான்."

இதை நான் அதுவரை ஒருவரிடமும், மனைவியிடமும்கூட, சொன்னதில்லை. மகள் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப மாமிக்கு எத்தினை வயசு?" என்று கேட்டாள்.

"பதினொண்டு" என்றேன்.