வில்லனை நல்லவனாக்கியவர்கள்

என் அக்கா டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள். கைக்குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டு வந்தபோது அவளுக்குத் தையல் மட்டும்தான் தெரியும். துணி தைத்துக்கொண்டே எழுதிப் பழகி, கடைசியில் ஒரு சீரியலே அவள் கைக்கு வந்தது. அதில் வரும் கொடுமைக்காரப் புருஷன் வேறு யாருமில்லை. அத்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிற அந்த ஆள்தான். கதவைச் சாத்திவிட்டு டிவியைச் சத்தமாக வைப்பான், பிறகு பெல்ட்டைக் கழற்றுவான். நடந்ததை அப்படியே எழுதினாள். அவன் அடித்ததை மகளிடமும் மறைத்து வளர்க்கவில்லை.

சீரியல் ஓடு ஓடு என்று ஓடியது. ரசிகர்கள் அந்தப் பாத்திரங்களை வைத்து இணையத்தில் தாங்களே கதை எழுத ஆரம்பித்தார்கள். எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் போயும் போயும் அவனையா கதாநாயகன் ஆக்குவார்கள்? சின்ன வயதில் பாசம் கிடைக்காதவனாம். அன்பு அதிகமாகிப்போய்த்தான் அடிக்கிறானாம். அடித்த முதுகில் அவனே மருந்து போடுவானாம், அவள் வெட்கப்படுவாளாம். கீழே ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். இப்படி ஒருத்தர் எனக்குக் கிடைக்க மாட்டாரா என்று ஏங்கியிருந்தாள் ஒருத்தி. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பார்லரில் ஊரார் பாதங்களைத் தேய்த்துச் சுரண்டுகிறவள் நான். அவ்வளவு சுலபத்தில் எனக்குக் குமட்டாது.

அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே படிப்பாள். "விடுடி, அவங்க யாரும் அவன்கூடக் குடும்பம் நடத்தலையே" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், புதிதாக வந்த கதை ஒன்றை ஃபோனைப் பார்த்துக் குரலை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினாள். எதிரே மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதையில் அவன் தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரை முகர்ந்து பார்க்கிறான். அது கதாநாயகிக்கு அவ்வளவு அழகாகத் தெரிகிறது.

அக்கா படிப்பதை நிறுத்தினாள்.

"இதை நான் சீரியல்ல எழுதவே இல்ல" என்றாள் என்னிடம். "உங்கிட்டகூடச் சொன்னதில்ல. சோப்பு வாசனை வந்தா டம்ளர் என் மூஞ்சிக்கு வரும்."

"அது நான் எழுதுன கதைம்மா" என்றாள் மகள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"நானே பாத்தேன். கொஞ்ச நாளா அப்பா வீட்டுக்குப் போயிட்டு வரேன். நீ எழுதுற மாதிரி அவர் இல்லம்மா. எல்லாரும் எழுதுறாங்களே, அந்த மாதிரிதான் இருக்காரு. அவரைப் புரிஞ்சுக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்."

எனக்கு வந்த அருவருப்பை எங்கே துப்புவது என்றே தெரியவில்லை. அவன்மேல் வந்ததைவிட, அந்த இதயம் போட்ட கூட்டத்தின்மேல் அதிகமாக வந்தது. பெற்று வளர்த்தவள் சொன்னது கட்டுக்கதை. முகம் தெரியாதவர்கள் எழுதியது நிஜம்.

"கோவப்பட்டானா?" என்று கேட்டாள் அக்கா. குரல் உயரவில்லை.

"ஒரே ஒரு தடவைம்மா. அப்புறம் அவரே அழுதுட்டாரு."

அக்கா எழுந்து மேசையைச் சுற்றிப் போய் மகள் பக்கத்தில் நின்றாள்.

"எங்கன்னு காட்டு" என்றாள்.