அத்தான் ஆன்லைனில் வந்த நாள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதிலும் அக்கா வைத்திருந்த அந்தப் போன் விஷயத்தில் இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன் அத்தானுடையது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அவருடைய போனை நாசரேத் வீட்டில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் சார்ஜ் போட்டு, தவறாமல் ரீசார்ஜும் செய்துவந்தாள். அவளுக்கு அத்தான் அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் மிஞ்சியிருந்தன. அவளுடைய சொந்தப் போனைச் சரிசெய்கிறேன் என்று வாங்கிய எவனோ எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்திருந்தான்.

பெரிய பேச்சு ஒன்றுமில்லை. “ஏளா, மீன் வாங்காத. வரும்போது நானே சீலா வாங்கிட்டு வாரேன்” என்கிற மாதிரிதான். அக்காவுக்கு அதுதான் உலகம்.

அந்தப் போன் அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கா ‘பிறகு’ என்பதை அமுக்கிவிடுவாள். நான் போட்டுத் தருகிறேன் என்றால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள்.

“ஏலே, அதுல கை வைக்காத. ஒருத்தன் சரி பண்ணுதேன்னு சொல்லி அவ்வளவையும் அழிச்சது போதாதா?”

போன மாதம் ஒரு காலையில் என் போனில் அத்தானின் பெயர் வந்தது. படத்தில் அதே சிரிப்பு, பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’. அவசரமாகப் பணம் வேண்டும் என்று செய்தி. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அதே செய்தி போயிருந்தது. செத்த மனிதர் பெயரில் எவனோ பிச்சை எடுக்கிறானே என்று ஆத்திரமாக வந்தது.

அக்காவைக் கூப்பிட்டு, “அது திருட்டுப் பய, பதில் போடாத” என்று கத்தினேன். பிறகு நேரே நாசரேத் போய், அத்தானின் போனை வாங்கிக்கொண்டு பஜாரில் தெரிந்த கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் நோண்டிப் பார்த்தார். “யாரோ அனுப்பின லிங்க்க தொட்டிருக்காங்க, அண்ணாச்சி. அது மட்டும் காரணமில்ல. பழைய சாப்ட்வேர்ல ஓட்டை இருக்கு. அத அடைக்கத்தான் கம்பெனிக்காரன் அப்டேட் விடுதான். அவன் விட்டதுமே ஓட்டை எங்கன இருக்குன்னு திருட்டுப் பயலுக்கும் தெரிஞ்சிரும். அப்டேட் போடாத போனாப் பாத்து நுழையுதான்.”

முதலில் குரல் பதிவுகளை வேறிடத்தில் நகல் எடுத்தார். பிறகு போனில் இருந்ததையெல்லாம் அழித்து, அப்டேட் போட்டு, பதிவுகளைத் திரும்ப ஏற்றி, அத்தானின் வாட்ஸ்அப்பையும் மீட்டுக் கொடுத்தார். ஒரு குரல்கூடப் போகவில்லை. இதை எப்போதோ செய்திருக்கலாமே என்ற எரிச்சலோடுதான் திரும்பினேன்.

“எல்லாம் அப்படியே இருக்கு, கேட்டுப் பாரு. இதுக்குத்தான இம்புட்டுப் பயந்த?”

அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. திருடனுடைய செய்தியை அழித்துவிடலாம் என்று அவளுடைய போனை எடுத்துப் பார்த்தேன். நான் கத்திய பிறகும் அக்கா அவனுக்கு எழுதியிருந்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். நீ?”

“இன்னும் இல்ல.”

“நேரத்துக்குச் சாப்பிடு.”

“திருடன்னு சொன்னேன்லாக்கா? தெரிஞ்சுமா எழுதுன?”

“தெரியும்லே. ரெண்டு வருசமா அந்தப் பேருக்கு நான்தான் ஏதாவது அனுப்பிக்கிட்டுக் கெடக்கேன். இன்னைக்குத்தான் பதில் வந்துச்சு.”

மடியில் இருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “இனிமே அவனால உள்ள வர முடியாதுல்லா?” என்று கேட்டாள்.

முடியாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.