அக்கா எழுதிய நாலு வரி

டயர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அக்காவின் பிசியோதெரபி கிளினிக். வரவேற்பு மேசையில் தங்கை. இரண்டு கட்டில், ஒரு திரைச்சீலை, பெரிய ரப்பர் பந்து ஒன்று, எல்லாம் உண்டு; நோயாளிகள்தான் இல்லை. அக்கா சளைக்காமல் முழங்கால் பயிற்சிப் படங்களை வலைப்பக்கத்தில் போட்டாள். லைக் போட்டவர்கள் தங்கையும் அக்காவின் கணவரும் கீழ்க்கடை டயர்க்காரரும்தான். தங்கை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அக்கா போனை நீட்டினாள். "படிச்சுப் பாரு."

'நேற்று வங்கி வரிசையில் தும்மினேன். உள்ளாடை நனைந்துவிட்டது. இரண்டாவது பிரசவத்திலிருந்தே இப்படித்தான். சிறுநீரைப் பிடித்து வைக்கிற இடுப்புத்தசைக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கே இந்தக் கதி என்றால், வாயே திறக்காத உங்களுக்கு?'

கூடவே, ஜன்னல் கம்பியில் காயும் அந்த உள்ளாடையின் படம்.

தங்கைக்கு வியர்த்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சிரிச்சாலும் நனையும்னு அடுத்ததா எழுதுறேன்." அக்கா விரலை வைத்து அழுத்திவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அண்ணன் கூப்பிட்டான். "குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே! ஆபீஸ்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"வழக்கம்போல நட அண்ணா. தும்மல் எனக்குத்தானே வந்துச்சு?"

முகம் தெரியாத ஆண்கள் அசிங்கமாக எழுதினார்கள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தாள். நடுநடுவே வேறு குரல்கள் வரத் தொடங்கின. 'எனக்கும்தான்.' 'இதனாலேயே அம்மா பயணம் போறதை விட்டுட்டாங்க.' 'புருஷனுக்குக்கூடத் தெரியாது.' அழிப்பதை மறந்து கண் கொட்டாமல் படித்தாள். இத்தனை பேரா? பள்ளியில் எழுந்து நின்று கேள்வி கேட்கவே நடுங்கிய அக்காவா இவர்களை எல்லாம் பேச வைத்தாள்?

அந்த வாரமே பெண்கள் படியேறி வந்தார்கள். ஒரு தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுத் தங்கையின் காதோரம் குனிந்தார். "பிள்ளைங்களோட ஓடி விளையாடிப் பல வருஷமாச்சும்மா. சரியாகுமா?" உட்கார இடம் போதாமல் டயர்க்காரரிடம் நாற்காலிகள் இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

அக்காவைப் பின்தொடர்வோர் பெருகியதும் விளம்பரக்காரர் ஒருவர் தேடி வந்தார். "மேடம், சூடு ஆறக் கூடாது. படுக்கையறை விஷயம், உங்க வீட்டுக்காரர் விஷயம் எழுதுங்க. கூட்டம் பிச்சுக்கும்."

அக்கா சட்டென்று மறுக்கவில்லை. கூடிக்கொண்டே போகும் எண்ணிக்கையை அவள் அன்று காலையிலிருந்து எடுத்தெடுத்துப் பார்த்ததைத் தங்கை கவனித்திருந்தாள். இப்போது அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"என் உடம்பு என்னோடது," என்றாள் அக்கா கடைசியில். "அதைத் தெருவுல நிறுத்த எனக்கு உரிமை இருக்கு. அவரை நிறுத்த எனக்கு என்ன உரிமை? நீங்க கிளம்புங்க."

அவர் போனதும் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வகுப்பு தொடங்கியது. பாய்களில் படுத்திருந்த பெண்களிடம் அக்கா, "மூச்சை விடுங்க, உள்ளே இழுத்துப் பிடிங்க. எதைன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், அறை முழுக்கச் சிரிப்பு பரவியது. கதவோரம் நின்ற தங்கை, தன்னோடு ஒரே போர்வைக்குள் தூங்கி வளர்ந்த அந்த ஒல்லி உருவத்தை, யாரோ பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.